ரெண்டு விரல் இடைவெளி

காரைத் தரையோடு தரையாக இறக்கிவிட வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால், அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. எனக்கு அந்த ஆசை அக்கா கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் வந்தது. (வருகிற நேரத்தைப் பாருங்கள்.)

என்னிடம் இருந்தது பழைய வெள்ளைக் கார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இறக்கித் தர தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் இருந்தார். டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் அவரிடம் கணக்கு. மூன்று விரல் விட்டால் தினமும் ஓட்டலாம், ரெண்டு விட்டால் பார்க்க அம்சமாக இருக்கும், ஒன்று என்றால் போட்டோவுக்கு மட்டும் என்றார். தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவன் மூன்று என்றுதான் சொல்ல வேண்டும். நான் ரெண்டு என்றேன். தனியாக உட்கார்ந்து பெரிய கோயிலைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தேன், எங்கேயும் இடிக்கவில்லை. ஆள் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும் என்ற சின்ன விஷயம் இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், மண்டபம் தஞ்சாவூரில். பெண்ணை அழைத்துப் போக வாடகை வண்டி வைக்கலாம் என்றார் அப்பா. நான் விடுவேனா? அக்கா என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துடுவியாடா?" என்று மட்டும் கேட்டாள். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பத்தரைக்கு முகூர்த்தம். மற்றவர்கள் விடிகாலையிலேயே வேனில் போய்விட்டார்கள். ஊர் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அக்கா முன்சீட்டில் ஏறினாள். பின்னால் ரெண்டு அத்தைகள், நடுவில் குத்துவிளக்கு. பெரிய அத்தை உட்கார்ந்ததும் வண்டி முனகியது. விரல் என்ன, வெற்றிலைகூட நுழையாது.

முதல் வேகத்தடையிலேயே அடிவயிறு தேய்ந்து 'டர்ர்ர்' என்றது. சாமி கும்பிட்டு ஏறிய பெண் மண்டபத்தில்தான் இறங்க வேண்டும் என்று பெரிய அத்தை சட்டம் போட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு தடையிலும் அத்தைகள் மட்டும் பட்டுப் புடவையும் குத்துவிளக்குமாக இறங்கி, தாண்டி நடந்து, மறுபடி ஏறினார்கள். (எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு வேகத்தடை.) டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அது தை மாதம். கல்யாணமும் சம்பா அறுவடையும் ஒன்றாக வருகிற மாதம். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்தது. எல்லோரும் செய்வதுபோல நானும் நெல் மேல் ஏற்றினேன். மற்ற வண்டிகளுக்கு டயர் மட்டும்தான் நெல்லில் படும். என் வண்டி முன்பக்கத்தால் நெல்லை அப்படியே வாரிக்கொண்டு போய், தானே குவித்த குவியலில் வயிறு அமுங்கி நின்றுவிட்டது.

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா, நெல் தள்ளுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்கத்தான் வந்தார். மாலையும் கழுத்துமாக அக்காவைப் பார்த்ததும் பலகை இறங்கியது.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கும்மா?"

"பத்தரைக்குங்க," என்றாள் அக்கா. அப்போதே மணி பத்தைத் தொட்டுவிட்டது.

மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஓரமாக நின்றது. அந்த அம்மா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் கிளப்பச் சொன்னார். பெரிய அத்தை சட்டத்தை எடுத்தார். அக்கா கதவைத் திறந்தாள்.

"அத்தே, இதுக்கு மேல இந்த வண்டி எறங்க எடமில்ல. நான்தான் எறங்கணும்."

அவள் டிரைவர் பக்கத்தில், அத்தைகள் நெல் மூட்டை மேல் என்று லோடு ஆட்டோ பறந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அந்த அம்மா பலகையை என் கையில் கொடுத்து, "வாரினது நீதானே தம்பி, நீயே பரப்பிட்டுப் போ," என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரப்பினேன்.

வண்டியை நம்பாமல் அங்கேயே ஓரம் கட்டிவிட்டு, பஸ் பிடித்து மண்டபம் போனபோது தாலி ஏறியிருந்தது, முகூர்த்தத்துக்குள்ளேயே. பந்தி நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அக்கா முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "நெல்லு காஞ்சிடுச்சாடா?" என்று கேட்டாள். பக்கத்தில் அத்தானுக்குப் புரையேறியது.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பம்பருக்குள் புகுந்த நெல்லை எடுக்காமல், வண்டியை மட்டும் அக்கறையாகத் தினமும் கழுவிக்கொண்டிருந்தேன். மறுவீட்டுக்கு வந்த அன்று, முன்பக்க வலைக்குள்ளிருந்து பச்சையாக எட்டிப் பார்த்த நாற்றை அக்காதான் முதலில் கண்டாள். குனிந்து விரலை வைத்து அளந்தாள்.

"கரெக்டா ரெண்டு வெரல்டா."

அன்றே மெக்கானிக்கிடம் போய்ப் பழைய ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டேன். இப்போது வைத்திருப்பது, அத்தைகளே கைப்பிடித்து ஏற வேண்டிய உயரமான வண்டி. அதனால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு சம்பா விதைப்புப் பட்டத்துக்கும் அத்தானிடமிருந்து போன் வந்துவிடுகிறது.

"மாப்ள, இந்த வருஷம் கார்ல என்ன ரகம் போட்டிருக்கீங்க?"