தொடக்க விழாவுக்கு முந்தைய கோல்

கால்பந்து வரலாற்றை இரண்டே காலங்களாகப் பிரித்துவிடலாம். ஒன்று, தலைமை விருந்தினர் வருவதற்கு முந்தைய காலம். மற்றது, அவர் வந்து இறங்கியதற்குப் பிந்தைய காலம். இந்த மகத்தான உண்மையைத் தென்காசிப் பக்கம் கண்டுபிடித்து ரொம்ப நாளாயிற்று. வெள்ளைக்காரனுக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. அவன் ஊரில் நடுவர் விசில் ஊதினால் ஆட்டம் தொடங்கிவிடுகிறதாம்! பொன்னாடை வந்துசேர்ந்ததா, குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியாயிற்றா என்று விசாரிக்க அங்கே ஒரு நாதியில்லை. பாவம், வெறும் விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள்.

இந்த உண்மையை நிரூபிக்கும் திருப்பணியில் முன்னின்று உழைத்தவர் கோமதிசங்கர். வீரகேரளம்புதூர்க்காரர். முழுப் பெயரையும் சொல்வதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊருக்கு வீ.கே.புதூர் என்றே வழக்கு. தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போட்டோ கடை வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள், பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருகிற ஜனங்களைக் "கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று அதட்டுவது தொழில். ஏழாவது நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீ.கே.புதூர் லெவன் ஸ்டார்ஸ் கால்பந்து அணியின் பின்னால் அலைவது பக்தி. பதினோரு வருஷமாக அலைகிறார்.

லெவன் ஸ்டார்ஸ் எந்த லீக்கிலும் இல்லாத அணி. கோயில் கொடையோ, பொங்கல் விழாவோ, யார் கோப்பை வைத்தாலும் போய் விளையாடும். ஜெயித்தால் சில சமயம் கோப்பை தருவார்கள், சில சமயம் ஆட்டுக்கிடா தருவார்கள். ஒருமுறை குத்துவிளக்கு தந்தார்கள், அதை அணியின் கோல்கீப்பர் சுஹைப் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்யாகக் கொடுத்துவிட்டான்.

இந்த வருஷம் அப்படியில்லை. குற்றாலத்தில் நடக்கும் சாரல் கோப்பையை ஜெயிக்கிற அணியை லீக்கில் சேர்த்துக்கொள்வோம் என்று முறையான கடிதமே வந்துவிட்டது. லெவன் ஸ்டார்ஸ் இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆட்டம். ஜெயித்தால் லீக். கோமதிசங்கர் அந்தக் கடிதத்தை லேமினேட் போட்டுவைத்து, தினமும் ஒருதரம் படித்துக் கண் கலங்கினார்.

"மக பிறந்தன்னைக்குக்கூட நீங்க இப்படி அழுவல," என்றாள் மனைவி இராமலட்சுமி.

"அது வேற, இது வேற," என்றார் அவர். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

ஒரே ஒரு சிக்கல்தான். அணியின் தீவிர ஆதரவாளர், அணியின் போட்டோகிராபர் என்று இரண்டு பேர் அந்த ஒரே உடம்புக்குள் குடியிருந்தார்கள். ஆதரவாளருக்கு கோல் வேண்டும். போட்டோகிராபருக்கு வெளிச்சம் வேண்டும். பதினோரு வருஷத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வாய்த்ததில்லை. கோல் விழுகிற நேரம் பார்த்து யாராவது ஒரு பிரமுகர் மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார். கோமதிசங்கரிடம் பொன்னாடைப் படங்கள் நாலாயிரம் இருந்தன. பந்து கோலுக்குள் போகிற படம் ஒன்றுகூட இல்லை.

இறுதிப் போட்டிக்கு அடித்த நோட்டீஸில் நாற்பத்தோரு பெயர்கள் இருந்தன. முன்னிலை வகிப்போர், சிறப்பிப்போர், வாழ்த்துவோர், வாழ்த்தி மகிழ்வோர், மகிழ்ந்து வாழ்த்துவோர் என்று ஒருவரையும் விடவில்லை. விளையாடுகிறவர்களின் பெயர்கள் மட்டும் "இடமின்மை காரணமாக" விடுபட்டிருந்தன. எல்லாப் பெயருக்கும் மேலே, கொட்டை எழுத்தில், "ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்: கால்பந்துக் காவலர் சிவனணைந்தபெருமாள்." அண்ணாச்சி தேங்காய் மொத்த வியாபாரி. கால்பந்தை அவர் எதனிடமிருந்து காத்தார் என்று யாரும் கேட்கவில்லை. பட்டம் கொடுத்தது விழாக் குழு. அதற்குக் காரணமும் விழாக் குழுவிடம் இருக்கும்.

ஆட்டம் இரண்டரை மணிக்கு. மூன்றரை ஆகியும் அண்ணாச்சியைக் காணோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வேடிக்கை பார்க்க வந்த சீசன் கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்தது. நடுவர் மாரி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், விழாக் குழுத் தலைவர் முத்துக்குமாரசாமியிடம் போய் நின்றார். தலைவர் ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க். ஓய்வு பெற்றது ஆபீஸிலிருந்துதான், கோப்புகளிலிருந்து இல்லை.

"ஐயா, அண்ணாச்சி எங்கன வருதாரு?"

"புளியறை செக்போஸ்ட்டுல நிக்காரு. முன்னால நாப்பது லாரி நிக்காம்."

"நாம ஆரம்பிச்சிருவோமா? இன்னும் போனா வெயிலை மலை மறைச்சிரும்."

"ஏம்வே மாரி, தொடங்கி வைக்கிற ஆளு வராம ஆட்டம் எப்படித் தொடங்கும்? நோட்டீஸ்ல என்ன அடிச்சிருக்கு?"

மாரி நோட்டீஸைப் பார்த்தார். அப்படித்தான் அடித்திருந்தது. உடனே குழு கூடி, தொடக்க விழாவை நிலுவையில் வைத்து, ஆட்டத்தைத் "தற்காலிகமாக" நடத்த ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

தற்காலிகம் என்பது பந்துக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு உருண்டது. எதிரணி, கேரள எல்லையிலிருக்கும் புளியறைப் பையன்கள், லாரிகளுக்கு நடுவே பந்து விளையாடிப் பழகியவர்கள், இடித்துக்கொண்டு ஓடினார்கள். அறுபத்தோராம் நிமிஷம் லெவன் ஸ்டார்ஸ் பாண்டி மூன்று பேரைத் தாண்டி ஓடி, சேற்றில் சறுக்கிக்கொண்டே ஒரு உதை விட்டான். கோல்!

அந்த நேரத்தில் கோமதிசங்கர் மேடையில் இரண்டாம் துணைத் தலைவருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடையின் சரிகையை ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். பாண்டியை நாலு பேர் தோளில் தூக்கியிருந்தார்கள். படம் போயிற்று. போனால் போகட்டும் என்று மேடையிலிருந்து குதித்து, "லீக்குலே! லீக்குலே!" என்று கத்திக்கொண்டே கோடு நெடுக ஓடினார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

எண்பத்துநாலாம் நிமிஷம் மைதான வாசலில் நீளமாக ஹாரன் கேட்டது. அண்ணாச்சி வந்துவிட்டார். மைக்கில் தலைவர் முழங்கினார்: "ஆட்டக்காரர்கள் அனைவரும் அப்படி அப்படியே நிற்கவும்! கால்பந்துக் காவலர் வருகை தந்துவிட்டார்!" பந்தோடு ஓடிக்கொண்டிருந்த பாண்டி, பந்தை விட்டுவிட்டு நின்றான்.

குடைகளுக்கு அடியில் அவசரக் கூட்டம் நடந்தது. பொருள்: தொடக்க விழாவுக்கு முன் விழுந்த கோல். தலைவர் முப்பத்தாறு வருஷ சர்வீஸின் முழு ஞானத்தையும் திரட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"தொடங்காத ஆட்டத்துல கோல் எப்படி விழும்? அண்ணாச்சி இப்பதானே தொடங்கி வைக்கப் போறாரு. பாக்கி ஆறு நிமிஷந்தான் ஆட்டம். ரெண்டு பக்கமும் பூஜ்யம்."

"ஐயா, அப்ப நான் அடிச்சது?" என்றான் பாண்டி.

"அது பயிற்சி, பாண்டி. நல்ல பயிற்சி. பாராட்டிக் குறிப்புல ஏத்தியாச்சு."

கோமதிசங்கருக்குள் இருந்த ஆதரவாளருக்கு ரத்தம் கொதித்தது. சண்டைக்குப் போவதற்காக வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்துச் சாரல் விட்டது. மேகம் விலகி, மலைப் பக்கமிருந்து மஞ்சள் வெயில் சாய்வாக மைதானத்தில் விழுந்தது. பதினோரு வருஷமாகக் காத்திருந்த வெளிச்சம். போட்டோகிராபர் முழித்துக்கொண்டார். ஆதரவாளரைச் செத்த நேரம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அண்ணாச்சியிடம் ஓடினார்.

"அண்ணாச்சி, நடு மைதானத்துல நின்னு அடிச்சா முகத்துல நிழல் விழுது. இங்கன வாங்க. மலையைப் பாத்தாப்புல பெனால்ட்டி அடிக்கிற இடத்துல பந்தை வச்சு அடிங்க. முகம் தங்கமா மின்னும்."

"நான் செருப்புல்லா போட்டிருக்கேன், தம்பி."

"புதுச் செருப்புதானே அண்ணாச்சி, ஜம்முனு இருக்கு. அடிங்க."

மலைப் பக்கத்து கோல் லெவன் ஸ்டார்ஸுடைய கோல். காவலுக்கு நின்ற சுஹைப் கேட்டான்: "அண்ணே, நான் பிடிச்சிரட்டுமா?"

"ஏலே, தலைமை விருந்தினர் அடிக்கிற பந்தை எவனாவது பிடிப்பானா? மரியாதை தெரியாண்டாமா? நீ அந்தப் பக்கமா தாவு. சிரிச்ச முகமா தாவு." சொல்லிவிட்டு கோமதிசங்கர் வலைக்குப் பின்னால் போய்ச் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"ஆட்டம் இதோ தொடங்குகிறது!" என்றது மைக். கடமை தவறாத மாரி விசில் ஊதினார். அண்ணாச்சி காலை வீசினார். செருப்பு வானத்துக்குப் போயிற்று. பந்து ஆற அமர, வழியில் நலம் விசாரித்துக்கொண்டு, கோட்டை நோக்கி உருண்டது. சுஹைப் சிரித்த முகமாக எதிர்ப்பக்கம் தாவினான். கிளிக். பந்து கோட்டருகே சேற்றில் புதைந்து நின்றது. அண்ணாச்சியின் ஆட்கள் ஓடிவந்து அதை எடுத்து, முத்தம் கொடுத்து, அவர் கையில் கொடுத்தார்கள். ஏக கைதட்டல்.

மாரி மட்டும் கைதட்டவில்லை. விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். புளியறை கேப்டன் மெதுவாக வந்தான்.

"சாரே, விசில் ஊதியல்லோ? பந்து உள்ளே போயல்லோ? அப்போ கோல் அல்லே?"

"கோட்டைத் தாண்டல சார்!" என்று அலறினான் சுஹைப். "கோட்டு மேலதான் நின்னுச்சு!"

மாரி பாவம்போலத் தலைவரைப் பார்த்தார். "தாண்டியிருந்தா கோல்தான். விசில் ஊதியாச்சே. ஆனா எனக்கு அண்ணாச்சி செருப்பு மறைச்சிட்டு."

எல்லாரும் கோமதிசங்கர் பக்கம் திரும்பினார்கள். அவர் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார். வலை, கோடு, பந்து, அந்தரத்தில் செருப்பு, பின்னால் அண்ணாச்சியின் தங்க முகம். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெளிச்சம். பந்து தாண்டியிருந்தது. அவர் கட்டைவிரல் தானாக அழிக்கிற பொத்தானுக்குப் போயிற்று. ஒரு அழுத்து அழுத்தினால் கோல் கிடையாது. ஆறு நிமிஷம் பாக்கி. பாண்டி இன்னொரு கோல் போடுவான். லீக்.

தலைவருக்கே கொஞ்சம் மனம் இரங்கியிருக்க வேண்டும். "இப்பந்தான் சாரல் விட்டிருக்கு. லென்ஸ்ல தண்ணி பட்டிருக்கும். படம் கலங்கித்தான் வந்திருக்கும், விடுங்கவே," என்றார்.

அருமையான வாசல். அப்படியே குனிந்து வெளியே வந்திருக்கலாம்.

"கலங்கிருக்குமா?" என்றார் கோமதிசங்கர். "ஐயா, எடுத்தது ஆருன்னு பாத்துப் பேசுங்க. பந்துல ஒட்டியிருக்க புல்லை எண்ணிச் சொல்லுதேன், வாங்க!"

வந்தார்கள். பார்த்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தார்கள். புல் இரண்டு ஒட்டியிருந்தது. படம் பிரமாதம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மாரி நடு மைதானத்தைக் காட்டினார். கோல். பாக்கி ஆறு நிமிஷமும் புளியறைப் பையன்கள் பந்தை மைதானத்தை ஒட்டியிருந்த குளத்துப் பக்கமே உதைத்துக்கொண்டிருந்தார்கள். பந்தைத் தேடிக்கொண்டு வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. பாண்டி சேற்றில் உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அண்ணாச்சி அவனுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார். கோமதிசங்கர் அதையும் படம் எடுத்தார்.

புதன்கிழமை தென்காசி பஸ் ஸ்டாண்டில் இருபதடி ஃபிளெக்ஸ் எழும்பியது. "வெற்றி கோல் அடித்த கால்பந்துக் காவலர்!" என்று மேலே அண்ணாச்சியின் பெயர். கீழே மூலையில், சின்னதாக, படம்: கோமதிசங்கர். பதினோரு வருஷத்தில் முதல் கோல் படம், முதல் தடவை அச்சில் பெயர். கடையில் உட்கார்ந்தபடியே அது தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்.

சாயங்காலம் சுஹைப் வந்தான். அடுத்த தெரு செல்போன் கடையில் அவனுக்கு வேலை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தான்.

"எப்படிலே இருக்கு?" என்றார் கோமதிசங்கர், கூச்சத்தோடு.

"படம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. பேருதான் தப்பா போட்டிருக்கான்."

அவர் பதறி எழுந்தார். "எங்கலே? என் பேரு சரியாத்தானே இருக்கு?"

"உங்க பேரு சரிதான். கோல் அடிச்சவரு பேரைச் சொல்லுதேன்," என்றான் சுஹைப். "அண்ணாச்சி பேரைப் போட்டிருக்கான். அங்கன உங்க பேருல்லா வரணும்?"