முள்ளுக்குப் பிடிக்காத நாற்பது வினாடி

மனித குலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், இரண்டாம் பாகம். முதல் இரண்டும் தேவைக்காகப் பிறந்தவை. மூன்றாவது, முதல் பாகம் நன்றாக ஓடிவிட்ட குற்றத்துக்காகப் பிறந்தது.

ஒரு கார்ட்டூன் பட நிறுவனம் எடுத்த, வீரக் குடும்பம் ஒன்றைப் பற்றிய படம் சக்கைப்போடு போட்டது. கட்டடத்தையே தூக்கும் அப்பா, மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல் திணறுகிற ஒரு காட்சிக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதை வரைந்தவளை எல்லோரும் ‘பென்சில் அக்கா’ என்பார்கள். பரிசு வாங்கியது இயக்குநர். அது அவர் பெருந்தன்மை.

இரண்டாம் பாகத்துக்கென்று ‘ஒப்பீட்டு அதிகாரி’ ஒருவர் நியமனமானார். அவர் கணக்கில் தவறே கிடையாது. முன்பு ஒரு வில்லன், இப்போது மூன்று. முன்பு இடிந்தது இரண்டு கட்டடம், இப்போது ஒரு மாநகரம். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்று சொல்கிறவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். இங்கே கட்டெறும்பை ஊதி ஊதிக் கழுதையாக்கினார்கள்.

இத்தனை இடிபாட்டுக்கும் நடுவில் பென்சில் அக்கா ஒரு காட்சி வைத்திருந்தாள். சக்தியெல்லாம் போய்விட்ட மகள் வந்து அம்மா மடியில் தலை வைக்கிறாள். அம்மா ஒன்றும் கேட்காமல் தலையைக் கோதுகிறாள். நாற்பது வினாடி, அவ்வளவுதான். எட்டு மாதம் வரைந்தாள். இந்தப் படத்தில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளோட்டத்துக்கு இருநூறு குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். பென்சில் அக்காவின் ஏழு வயது மகளும் அதில் ஒருத்தி. சுவரில் சத்தம் அளக்கும் கருவி. அதிகாரி குழந்தைகளுக்கு முதுகைக் காட்டி, கருவியின் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். விஞ்ஞானம் அப்படித்தான் உட்காரும்.

மடிக் காட்சி வந்தது. ஒரு பயல் வாய்க்குக் கொண்டுபோன சோளப்பொரியை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்திருந்தான். பென்சில் அக்காவின் மகள், பக்கத்திலிருந்த அம்மா மேல் மெல்லச் சாய்ந்துகொண்டாள். முள் சுழியத்தில் விழுந்தது. அதிகாரி சிவப்பு மையில் ‘உயிரில்லை’ என்று எழுதினார்.

மறுநாள் கூட்டம்.

“நாற்பது வினாடி ஒரு சத்தம் இல்லம்மா. பிள்ளைங்க தூங்கிட்டாங்க.”

“தூங்கல சார், அழுதாங்க. ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“நான் திரும்பிட்டா முள்ளை யார் பாக்கறது?”

பென்சில் அக்கா இயக்குநரைப் பார்த்தாள்.

“அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, முள்ளு சொல்றதுலயும் நியாயம் இருக்கு,” என்றார் அவர். “முள்ளு பக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கு.”

“அப்ப போன படத்துல அந்தப் பின்னல் காட்சி? அதுக்கு யாராவது கத்தினாங்களா?”

“அப்ப இந்தக் கருவி வாங்கலம்மா,” என்றார் அதிகாரி வருத்தத்தோடு. “அதனாலதான் அது தப்பிச்சுது.”

மடிக் காட்சிக்குப் பதிலாகப் பறக்கும் நாய் ஏப்பம் விட்டு ஒரு பாலத்தை உடைப்பது என்று முடிவாயிற்று. பென்சில் அக்கா எழுந்தாள்.

“நல்லாயிருங்க. என் பேரையும் சேத்து எடுத்துருங்க!”

“பேரை எடுத்தா மூணு வினாடி மிச்சம்,” என்று அதிகாரி மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

படம் வெளியானது. அம்மாவின் காட்சி போன கதை தெரியாத மகள் பிடிவாதம் பிடித்து அவளை இழுத்துப்போனாள். முன்வரிசையில் அதிகாரி, கருவியும் கையுமாக. மூன்று வில்லன்கள் வந்தார்கள், மாநகரம் இடிந்தது, நாய் ஏப்பம் விட்டது.

“அம்மா, நீ வரைஞ்சது எப்ப வரும்?”

“வராதுடி கண்ணு. எடுத்துட்டாங்க.”

மகள் இருக்கை மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள்: “அம்மா, வீட்டுக்குப் போலாம்!”

அதற்காகவே காத்திருந்ததுபோல் பக்கத்துப் பையன் கத்தினான். அப்புறம் அந்த வரிசை, அப்புறம் மொத்த அரங்கமும்: “வீட்டுக்குப் போலாம்! வீட்டுக்குப் போலாம்!” குழந்தைகள் அம்மாக்களின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். அதிகாரி திரும்பவில்லை. முள் துள்ளிக் குதித்து, விளிம்பில் முட்டி, ஒடிந்தே போயிற்று. அவர் பூரித்துப்போய் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார்.

மறுநாள் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது: “குழந்தைகள் ஏகோபித்த குரலில் கேட்டுக்கொண்டதற்கிணங்க, மூன்றாம் பாகம் உடனே தொடங்கப்படுகிறது.”