குடல் வாளியும் கழுகுச் சித்தரும்

“என் பங்கப் பிரிச்சிக் குடு, நைனா.”

பெண்பிள்ளை வாயில் வரவே கூடாத வார்த்தை என்று அம்மா பாலோடு புகட்டிய பாடம் இது. நான் கணக்கில் கோட்டை விட்டதைக்கூட மன்னித்த வீடு, இதை மன்னிக்காது. கத்திரிப் பாத்தியில் நின்றிருந்த நைனா மாயவன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாடி சொன்ன? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தானுங்களா?”

“சட்டத்துல கீது. பாட்டன் சொத்து. கிணத்தடி நெலத்த அந்தச் சாமியாருக்கு எழுதப் போறியே, அதுல என் பங்கும் கீது.”

“மெதுவா பேசு, சாமி காதுல வுழப் போவுது!”

சாமி காதில் எதுவும் விழாது. அவ்வளவு கூட்டம்.

திருக்கழுக்குன்றம் மலைக்குக் கழுகு வருவது நின்ற பிறகு, அது எங்கே போயிற்று என்று ஊரே கவலைப்பட்டது. பங்குனியில் விடை கிடைத்தது: எங்கள் தோட்டத்துக்கு. மலைக்குப் படியேற வேண்டும். இங்கே ஷேர் ஆட்டோ வாசலிலேயே இறக்கிவிடும். கழுகுக்கும் வசதி தெரிந்திருக்கிறது.

கண்டுபிடித்தவர் கழுகுச் சித்தர். பழைய பெயர் லோகு. மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழில் கைரேகை பார்த்துப் பட்டினி கிடந்தவர். ஒரு நாள் கோழி வாங்க வந்தார். உச்சிப் பொழுதில் பெரிய பறவை ஒன்று இறங்குவதைப் பார்த்தார். மறுநாள் காவி வேட்டியோடு வந்து, எங்கள் குப்பைமேட்டுக்கு முன்னால் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அது கழுகே இல்லை, பருந்து. மாசி முழுக்க எங்கள் குஞ்சுகளைத் தூக்கிய அதே பருந்து. “கட்டையில போறவனே!” என்று கல்லெறிந்து விரட்டிய அம்மா, இப்போது அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். எங்கள் கருஞ்சேவலின் இறகெல்லாம் கழுகு இறகாகித் தாயத்துக்குள் போய்விட்டது. சேவல் வாலில்லாமல் வெட்கப்பட்டுத் திரிகிறது. கீரைப் பாத்தி, பக்தர்கள் செருப்பு விடும் இடமாயிற்று. கல்பாக்கத்தில் அணுவோடு பழகும் சம்பத் சார், ஆபீஸ் பையோடு வந்து வெண்டைச் செடிகளின் மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். அணுவுக்குக் கொடுக்கும் மரியாதையை வெண்டைக்குக் கொடுக்கக் கூடாதா?

என் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி நான். விலங்கியல். பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நான் பார்த்த உத்தியோகம், ஓட்டல்களுக்குப் போகும் கோழியைச் சுத்தம் செய்து, உச்சிப் பொழுதில் குடலை வாளியில் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுவது. கொட்டிவிட்டுக் கூட்டத்தின் ஓரம் நின்று, ‘இந்தப் பறவை ஏன் தினமும் இதே நேரத்துக்கு வருகிறது?’ என்று விஞ்ஞானபூர்வமாக யோசிப்பேன். கையில் வாளியோடு.

ஒரு நாள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யச் செங்கல்பட்டு போனேன். குடல் விழவில்லை, பறவையும் வரவில்லை. “தீட்டுப்பட்ட பொம்பள ஒருத்தி இங்க கீறா!” என்று சித்தர் அலற, பெண்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்களாம். அம்மா அதைச் சொன்ன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. மூன்று வருஷப் படிப்பு அன்றைக்குத்தான் பலித்தது.

மறுநாள் சித்தர் பரிகாரம் சொன்னார்: கிணற்றடியில் கழுகுக்குக் கோயில். நைனா தலையாட்டினார். நான் சாயங்கால பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பங்குப் பேச்சு.

“சரி நைனா. இன்னிக்கு வாளிய வேற எடத்துல கொட்றேன். பட்சி சாமிகிட்ட வந்தா எனுக்குப் பங்கே வாணாம்.”

“வராம எங்க பூடும்?” என்றார் நைனா.

உச்சிப் பொழுது. “வா தாயே, வா!” என்று சித்தர் வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் எதிர்க்கோடிக்குப் போய் வேலியோரம் குடலைக் கொட்டினேன். பருந்து சித்தரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் காலடிக்கு வந்து இறங்கியது.

“பாத்துக்கோங்க!” என்று கத்தினேன். “இது சாமியும் இல்ல, கழுகும் இல்ல. இதுக்கு வேண்டியது கோழிக் குடலு. இத்தினி நாளா போட்டுகினு இருந்தது நான்!”

சித்தர் தாயத்து மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவினார். ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு முட்டாளாக நின்றதில்லை.

“ரோகிணித் தாயே! கழுகே உங்களைத் தேடி வந்துருச்சே!” என்று சம்பத் சார் என் காலில் விழுந்தார். பின்னாலேயே கூட்டமும் விழுந்தது. அம்மா கற்பூரத் தட்டோடு ஓடிவந்தாள்.

நைனா என் காதோரம் குனிந்தார். “லோகு பய ஒழியட்டும். நெலத்த யாருக்கும் எழுதல. நீ அந்தக் கல்லு மேல உக்காரு, போதும். பங்கு இன்னா பங்கு? மொத்தமும் உனுக்குத்தான்.”

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் கிடைக்குமாம். பட்டதாரிக்கு வந்த முதல் வேலை!

“குடலப் போட்டா பருந்து வரும், மூளையக் கழட்டிப் போட்டா சாமியாரு வருவான்” என்றேன். “எதப் போடறோம்னு இனிமேலாவது யோசிங்க!”

“தாயி வாக்கு!” என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாளியை நைனா கையில் திணித்தேன். அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. பருந்து எழும்பி அவர் தலைக்கு மேல் வட்டமிட்டது. கூட்டம் அப்படியே அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டது.

வக்கீலிடம் இன்று வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.