வரமாட்டேன் என்று ஒரே ஒரு பதில்

"வருவேன், வரமாட்டேன், பிறகு சொல்கிறேன், மூணுமே அமுங்குச்சுடா. எதுக்கும் இருக்கட்டும்னு மூணையும் அமுக்கிட்டேன்" என்று பெரியப்பா போனில் சொன்னதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊருக்கெல்லாம் இணையப் படிவம் செய்து கொடுப்பதுதான் அவன் தொழில். தங்கை கல்யாணத்துக்கும் ஒன்று செய்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தான். எத்தனை பேர் வருகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவதாக மண்டபத்துக்காரரிடம் மார்தட்டியும் வைத்திருந்தான். எண்ணிக்கை தப்பினால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடும்.

கோளாறு உடனே பிடிபட்டது. ஒவ்வொரு பட்டனையும் காம்பொனென்ட் என்கிற தனித்தனித் துண்டாகச் செய்து, தான் தேர்வானதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும்படி விட்டிருந்தான். பக்கத்துப் பட்டனை அழுத்தியது இதற்குத் தெரியாது. ஆளாளுக்கு நாட்டாமை செய்தால் வேறென்ன ஆகும்? மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வைத்து, நினைவை மேலே இருக்கும் படிவத்திடம் ஒப்படைத்தான். இப்போது ஒன்றை அமுக்கினால் மற்ற இரண்டும் தானாக விடுபட்டன.

அவசரத்தில் 'காரில் வருகிறீர்களா?' என்ற அடுத்த கேள்விக்கும் அதே பெயரை வைத்துத் தொலைத்தான். காருக்குப் பதில் சொன்னால் வருகை அழிந்தது. அதையும் பிரித்துவிட்டு, எல்லோரையும் மறுபடி நிரப்பச் சொன்னான்.

எல்லாமே 'வருவேன்'. ஒன்று மட்டும் 'வரமாட்டேன்'. நிரப்புகிறவர் பெயரைக் கேட்க மறந்திருந்ததால் யாரென்று தெரியவில்லை.

"கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொல்ற ஜென்மம் நம்ம சொந்தத்துல கிடையாதுடா" என்றாள் அம்மா. "உன் வேலையிலதான் ஏதோ கோளாறு."

அவனுக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பதிலை நீக்கினான். ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்தது. பழைய தேர்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் படிவம் வெறுமையாகத் திறக்கும்படி மாற்றினான். அப்போதும் வந்தது. எழுதியதையெல்லாம் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தான். தப்பு கண்ணில் படவில்லை, பதில் மட்டும் வந்தது.

எதிரே தங்கை கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பாவம், அவளுக்கும் கவலை இருக்காதா? எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னான். சொன்னபோது அவனுக்கே அழுகை வரும்போல் இருந்தது.

கடைசியில் சனியன் ஒழியட்டும் என்று 'வரமாட்டேன்' பட்டனையே பிடுங்கி எறிந்தான். மண்டபத்துக்காரரைப் போனில் பிடித்து, எண்ணைச் சொல்ல வாயெடுத்தான்.

தங்கை போனை மெதுவாக வாங்கி அணைத்தாள்.

"இந்தக் கல்யாணத்துல என் இஷ்டத்தைக் கேட்டது உன் ஃபார்ம் ஒண்ணுதான் அண்ணா. ஒவ்வொரு தடவையும் வரமாட்டேன்னு அமுக்கினது நான்தான்."