ஏணிக்காரர் நேரான விதம்

கலையுலகம் இதுவரை கண்ட சோதனைகளிலேயே மிகப் பெரியது, அன்று மாலை நான்கு மணிக்கு ஓவியச் சங்கத்தின் சுவரில் நிகழ்ந்தது. மாட்டிய படம் நேராக நிற்கவில்லை.

படத்தில் இருந்தவர் சங்கத்தின் "தூண்". முப்பது வருடமாக ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஏணியில் ஏறி எல்லோருடைய ஓவியங்களையும் மாட்டியவர், அதனால் ஏணிக்காரர். போன மாதம் காலமானார். ஐந்து மணிக்கு அவர் மனைவி இந்தப் படத்தைத் திறந்து வைக்க வேண்டும். செயலாளர் நேராக்குவார், மின்விசிறி சுழலும், ஏணிக்காரர் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, யாரையோ விசாரிப்பதுபோல் பார்ப்பார்.

செயலாளர் கடமை தவறாதவர். உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஆணி கோணல்," என்றார் தலைவர்.

"சுவரே கோணல்," என்றார் துணைத் தலைவர்.

"அப்போ மத்த நாப்பது படமும் எப்படி சார் நேரா நிக்குது?" என்றார் செயலாளர்.

"அதெல்லாம் அவர் மாட்டினது. அவரையே கேட்டுடுங்களேன்."

"அவருக்குத்தான் சார் இரங்கல் கூட்டம்!"

ஆணியை ஆராய மூவர் குழு ஒருமனதாக அமைக்கப்பட்டது. அறிக்கை அடுத்த மாதம் வரும்.

நாலே காலுக்கே மனைவி வந்துவிட்டார். சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதுல அவர் வரைஞ்சது எதுங்க?"

செயலாளர் நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டினார். ஏணிக்காரர் வருடம் தவறாமல் ஓவியம் கொடுத்தார். தேர்வுக் குழு வருடம் தவறாமல் "அடுத்த முறை ஆவன செய்யப்படும்" என்றது.

"அவர் ரொம்ப அடக்கமானவரும்மா..."

"அடக்கம்தான் பண்ணியாச்சே. படமெல்லாம் எங்க? வீட்டுக்கும் திரும்பி வரலை. ஒண்ணையாவது வாங்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பேச்சை மாற்றியாக வேண்டும்; ஏணிக்காரர் மாட்டிய படம் எப்படி நேராக நிற்கிறது என்று காட்டலாம். செயலாளர், தம்முடைய பரிசு பெற்ற "விடியலின் மௌனம்" ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். அட, பின்னால் இரண்டு ஆணிகள்! இவ்வளவுதானா சூட்சுமம்? ஒற்றை ஆணியில் கம்பி வழுக்கும். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும். இரண்டு ஆணியில் தொங்கினால் வழுக்க இடமேது? போதாததற்கு, சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் அட்டைத் துண்டுகள், சுவரைக் கவ்விக்கொள்ள.

மனைவி ஒரு துண்டை நகத்தால் பெயர்த்துத் திருப்பினார். பாதி நீல ஜன்னல்.

"இது எங்க வீட்டு ஜன்னல்."

அடுத்த படத்திலிருந்து இன்னொன்று.

"இது என் காது."

தேர்வுக் குழு ஒதுக்கிய தம் ஓவியங்களையெல்லாம் ஏணிக்காரரே கத்தரித்திருக்கிறார். நாற்பது படங்கள், எண்பது துண்டுகள்.

"ஒரு கண்காட்சி விடாம எல்லாத்துலயும் இடம்பெற்றவர் அவர் ஒருத்தர்தாம்மா," என்றார் தலைவர், கண்கலங்கி.

"அப்படியா? எல்லாத்தையும் பெயர்த்துக் குடுங்க. வீட்டுல சேர்த்து வச்சுப் பாக்கிறேன்."

"அப்போ இவர் படத்துக்கு அட்டை?" என்றார் செயலாளர்.

மனைவி "விடியலின் மௌன"த்தைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கெட்டி அட்டைதாங்க. கத்தரி இருக்கா?"

ஐந்து மணிக்கு விசிறி சுழன்றது. ஏணிக்காரர் அசையவில்லை. செயலாளர் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்தார்: "ஆணி இரண்டு, ஒரு சாண் இடைவெளியில். கீழ் மூலைகளில் கெட்டி அட்டை இரண்டு துண்டு. ஒரு படம் நேராக நிற்க இன்னொரு படத்தை வெட்ட வேண்டும். முப்பது வருடம் அவருடையதை வெட்டினோம், இன்று என்னுடையது."