கொக்கு டிரைவரும் நான் கட்டாத படித்துறையும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கார் ஆராங்கில் எனக்கு ஒரு வீடு, பக்கத்திலேயே தம்பிக்கு ஒரு வீடு. மண் ஏற்ற எட்டு லாரி, மண்வாரி எந்திரம் இரண்டு. “இந்தச் சதுப்பில் தூண் நிற்காது” என்று படித்த இன்ஜினியர் கைவிரித்த இடத்தில் எங்கள் அம்மன் கோயிலுக்கு ஒரு கல்யாண மண்டபம். தூண் இன்றைக்கும் நிற்கிறது, இன்ஜினியர்தான் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இப்படி வாரப் பத்திரிகைக்கு எழுதுகிற அளவுக்கு வந்ததும் என் சொந்த முயற்சிதான். கட்டியதை யாருக்காகவும் நான் இடித்தது கிடையாது, ஒரே ஒரு ஆளைத் தவிர.

அந்த ஆள் கொக்கு டிரைவர். அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரைக் கெடா மாநிலம் இதுவரை பெற்றதில்லை, இனிமேலும் பெறாது. எமன் வந்து கயிற்றைப் போட்டால்கூட, “இருப்பா, தண்ணி வடியட்டும்” என்று நிறுத்திவைக்கக்கூடிய மனிதர்.

சுங்கைப் பட்டாணியில் பேக்டரி பஸ் ஓட்டினார். காலை ஷிப்ட் பெண்களை இறக்கிவிட்டால் மாலை வரை வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து தே தாரே குடிப்பார்கள், அல்லது கடைசி சீட்டில் காலை நீட்டித் தூங்குவார்கள். இவர் நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸைத் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். கோத்தா கோலா மூடாவுக்கு இந்தப் பக்கம், ஆறு கடலில் கலக்கிற சேற்று வெளி. சரியான இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் காரில் குடும்பத்தோடு வந்து நின்றுவிடுவீர்கள்.

போவது பறவை பார்க்க. புரட்டாசியில் நாம் கறி மீனை நிறுத்துகிற சமயத்தில் அவை வந்து இறங்கும். பங்குனி உத்திரக் காவடி முடிகிற சமயத்தில் கிளம்பிவிடும். அவற்றின் ஊரில் அப்போது பனி கொட்டுகிற குளிர்காலமாம். நமக்குக் குளிர்காலம் என்றால் பேங்க்கில் ஏர்கோன் கொஞ்சம் அதிகமாக வைத்திருப்பது, அவ்வளவுதானே.

சேற்றில் நிற்பதெல்லாம் நமக்குக் கொக்கு. அந்த வார்த்தைதான் அவர் காதில் விழக்கூடாது. விழும். அவர் பஸ்ஸில் நித்தம் வந்த சரசக்கா வேண்டுமென்றே விழவைப்பாள்.

“அண்ணே, அந்தா பாருங்கண்ணே, கொக்கு!”

பஸ் நட்டநடு ரோட்டில் நிற்கும்.

“எது கொக்கு? சரசு, உன்னைய யாராச்சும் மஞ்சுளான்னு கூப்பிட்டா நீ பேசாம இருப்பியா?”

“லேட்டாவுதுண்ணே, பஞ்ச் காட் அடிக்கணும்!”

“அது உப்புக்கொத்தி. சொல்லு.”

“உப்புக்கொத்தி.”

“எல்லாரும்.”

நாற்பது பெண்களும் உப்புக்கொத்தி என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். அந்தப் பேக்டரியின் தாமதப் புத்தகத்தில் மழை, பஸ் பழுது என்பதோடு உப்புக்கொத்தியும் ஒரு காரணமாக ஏறியது என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பறவை கொஞ்சம் ஓடும், டக்கென்று நிற்கும், குனியும், மறுபடி ஓடும். “சூப்பர்வைசர் பாக்குறப்ப மட்டும் வேலை செய்யிற ஆளு மாதிரி இல்ல?” என்பார். அந்த ஒப்பீட்டுக்காகவே பெண்கள் அவரை மன்னித்தார்கள்.

உடுத்துவது எப்போதும் சேற்று நிறச் சட்டை. என் மூத்த மகள் கல்யாணத்துக்கும் அதே சட்டையில் வந்தார்.

“ஏன் டிரைவரே, ஒரு நல்ல சட்டை இல்லையா?”

“இதுதான் தலைவரே நல்ல சட்டை. இதைப் பாத்து யாரும் பறந்து போவ மாட்டாங்க.”

கோயில் தலைவர் நான் என்பதால் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவார். பந்தியில் உட்கார்ந்தார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

“எங்க எந்திரிச்சிட்டீங்க? பாயசம் வருது!”

“தண்ணி ஏறுது தலைவரே.”

“அது பாட்டுக்கு ஏறும், உக்காருங்க லா.”

உட்காரவில்லை. இலையை மடித்துவிட்டுப் போயே போய்விட்டார். என் வீட்டுக் கல்யாணத்தைவிடக் கடல் தண்ணீர் பெரிதா என்று ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இப்போது படித்துறைக்கு வருகிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் போனபோது நான் மண் ஏற்றிக்கொண்டு மெர்கோங்கில் இருந்தேன். ஆள் வந்து சொன்னபோது, “இந்த ஒரு லோடைத் தட்டிட்டு வந்துர்றேன்” என்றேன். வந்தபோது முகத்தை மூடிவிட்டார்கள். அதனால் தை அமாவாசை, ஆடி அமாவாசை இரண்டையும் நான் விட்டது கிடையாது. ஆற்று முகத்தில் குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்காவுக்குச் சோறு வைத்தால்தான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். வருடத்துக்கு வருடம் என்னோடு வருகிற கூட்டமும் பெருத்தது. வழுக்குகிற சேற்றில் வயதானவர்கள் விழுந்தார்கள். சரி, நாமே ஒரு படித்துறை கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

இடம் தேடிப் போன நாளும் ஒரு அமாவாசைதான். உச்சி நேரம். யாரோ கைவிட்ட பழைய இறால் குளம் ஒன்று, அதன் கரை மட்டும் தண்ணீருக்கு மேலே நீளமாகத் தெரிந்தது. கரை முழுக்கப் பறவை. ஆயிரக்கணக்கில். சத்தமில்லாமல், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, வரிசையாக நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காக்கா என்றால் ஒன்று வரும், இரண்டு வரும். இங்கே மொத்தத் தோட்டமும் வந்து நிற்கிறதே! அமாவாசைக்கு என்று நம் ஆட்கள் திரண்டு வந்திருக்கிறார்கள் என்று கோயில் கூட்டத்தில் சொன்னேன். சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. மறுபேச்சில்லாமல் அந்தக் கரையையே முடிவு செய்தோம். செம்மண் அடித்தேன், நான்கு தூணும் எழுப்பிவிட்டேன். வருகிற தை அமாவாசைக்குப் படையல், அதற்குப் பிறகு மற்ற வேலை என்று ஏற்பாடு.

தை அமாவாசைக் காலையில் முந்நூறு பேரோடு போய் இறங்கினால், கரைக்குப் போகிற ஒற்றைப் பாதையின் குறுக்கே ஒரு பேக்டரி பஸ்.

“டிரைவரே, பஸ்ஸ எடுங்க.”

“பஸ் ரோசாக் தலைவரே, பழுது.”

“எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான இருக்கு?”

“அது ஏர்கோனுக்கு.”

“வழிய விடுங்க லா. சாமி காரியம்.”

“இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி முழுசா ஏறிரும். இன்னைக்கு அமாவாசை, மத்த நாள மாதிரி இல்ல, எல்லாத்தையும் முழுங்கிரும். நிக்கிறதுக்கு அதுங்களுக்கு இந்தக் கரை ஒண்ணுதான். சாயந்தரமா வாங்க, நானே பாய் போட்டுக் குடுக்கிறேன்.”

எட்டு லாரிக்காரன் ஒரு பஸ்ஸுக்காக நிற்பேனா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிச் சுற்றி நடந்தேன். முந்நூறு பேரும் பின்னால் வந்தார்கள். சரசக்கா அவளுடைய செத்துப்போன புருஷனுக்குப் பிடித்த சுறாப் புட்டை அலுமினியக் கிண்ணத்தில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் கரையில் ஏறியதும் மொத்தப் பறவையும் ஒன்றாக எழும்பியது. பெரிய துணியை உதறின மாதிரி ஒரு சத்தம். பரவாயில்லை, சோற்றைப் பார்த்தால் இறங்கும் என்றேன். மூன்று அண்டாச் சோறு, எள் கலந்து உருட்டி, கரை நீளத்துக்கும் இலை போட்டு வைத்தோம். கையைக் கூப்பிக்கொண்டு நின்றோம்.

இறங்கவில்லை.

தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. கடல் பக்கம் போகும், திரும்பும், எங்கள் மேலே தாழ்வாக வரும், மறுபடி மேலே போகும். தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவை வந்தால்தான் போவது என்று நாங்கள் கீழே நின்றோம். நாங்கள் போனால்தான் வருவது என்று அவை மேலே சுற்றின.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “ஏதோ குத்தம் நடந்துருக்கு” என்றார் பூசாரி. சரசக்கா கிண்ணத்தை நீட்டியபடி, “ஒரு வாய் தின்னுட்டுப் போயேன்” என்று மேலே பார்த்து அழுதாள். கோயில் செயலாளர், எனக்கு ஆகாதவர், நான் கேட்கிற மாதிரியே சொன்னார்: “தலைவரோட அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரல போல.”

அது சுருக்கென்று பட்டது. முட்டி அளவு தண்ணீரில் இறங்கி, “எறங்குப்பா, நான் வந்துட்டேன்ல” என்று வாய்விட்டே கூப்பிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பக்கத்தில் யாரோ தண்ணீரில் நடந்து வருகிற சத்தம் கேட்டது. கொக்கு டிரைவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“தலைவரே, அதுங்களுக்குச் சோறுன்னா என்னன்னே தெரியாது. சேத்துக்குள்ள மூக்க விட்டுப் புழு எடுத்துத் திங்கும். இப்பச் சேறு முழுக்கத் தண்ணிக்குக் கீழ இருக்கு. வடியுற வரைக்கும் திங்கவும் முடியாது, தண்ணில நீந்தவும் தெரியாது. இந்தக் கரைல ஒத்தக் கால்ல நின்னு தூங்கும். அவ்ளோதான். நாம அதுங்க படுக்கைல நிக்கிறோம்.”

“அப்ப எங்கப்பா வரலையா?”

மேலே சுற்றுகிறவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மரம் வெட்டிட்டு வீட்டுக்கு வந்தா உங்கப்பா மொதல்ல என்ன கேப்பாரு? சோறா?”

“இல்ல. ‘கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க’ம்பாரு. கால நீட்டிப் படுத்துருவாரு.”

“அதத்தான் தலைவரே இதுங்களும் கேக்குது.”

அப்போது ஒரு சின்னப் பறவை, உள்ளான் என்று பிறகு சொன்னார், என் காலுக்கு இரண்டடி தள்ளிக் கரையில் பொத்தென்று விழுந்தது. அலகு திறந்திருந்தது. எங்கேயோ பனி கொட்டுகிற நாட்டிலிருந்து இத்தனை தூரம் பறந்து வந்த உடம்பு, ஒரு கைப்பிடிகூட இருக்காது. என்னைப் பார்த்துப் பயப்படவும் அதற்குத் தெம்பு இல்லை.

என் தொண்டை ஊரறிந்தது. “எல்லாரும் எறங்குங்க!” என்றேன்.

“படையல பாதியில விட்டா ஆவாது தலைவரே!” என்று செயலாளர் கத்தினார்.

“எங்கப்பனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். எறங்கு!”

பழுதான பஸ் உடனே கிளம்பிப் பாதையைவிட்டு ஒதுங்கியது. வயதானவர்களும் பெண்களும் அதில் ஏறிக்கொண்டார்கள், மற்றவர்கள் அதன் மறைவில் நின்றோம். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி வானத்திலிருந்து இறங்கின. இலைகளுக்கு நடுவே, சோற்றை மிதித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்று, அலகை முதுகில் செருகிக்கொண்டன. பஸ்ஸுக்குள் முந்தானை சரசரக்கிற சத்தம்கூட இல்லை. சரசக்காதான் மெதுவாகச் சொன்னாள்: “எறங்கிட்டாங்க.”

அவளைக் கொக்கு டிரைவர் திருத்தவில்லை.

மறுவாரம் என் மண்வாரியையே கொண்டுவந்து என் நான்கு தூணையும் பிடுங்கினேன். அடித்த செம்மண் முழுவதையும் என் லாரியிலேயே திரும்ப அள்ளினேன். கரையைப் பழைய மாதிரி ஆக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்று, “இங்க ஒரு சாண் ஒசரம், அங்க ஒரு சாண் பள்ளம்” என்று என் டிரைவர்களின் உயிரை வாங்கினார். படித்துறையை ஆற்றில் இரண்டு வளைவு மேலே தள்ளிக் கட்டினேன். அங்கே காக்கா வருகிறது, சோறும் தின்கிறது. ஆனாலும் கட்டியதை இடித்த தலைவர் வேண்டாம் என்று அடுத்த தேர்தலில் கோயிலார் செயலாளரைத் தலைவராக்கிவிட்டார்கள். கொக்கு டிரைவர் மட்டும் இன்னும் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறார்.

இப்போது அந்த இடம் பறவைக் காப்பிடம். மரத்தில் பார்வை மேடை போட்டிருக்கிறார்கள். கழுத்தில் விலை உயர்ந்த கருவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், அந்தக் கரையைத்தான் பார்க்கிறார்கள். வாசலில் பெரிய பலகை இருக்கிறது. திறந்துவைத்தவர் பேர், உடன் இருந்தவர் பேர், மேடைக்குச் சாயம் அடித்தவர் பேர்கூட இருக்கிறது. கரையைக் காப்பாற்றினவர் பேர் இல்லை.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. பஸ் ஓட்டுவதை நிறுத்திப் பல நாளாயிற்று. இந்த வருடம் என் காரில் அழைத்துப் போனேன். பார்வை மேடையில் உட்கார்ந்து, “என்ன நிக்குது தலைவரே? கால் செவப்பா, பச்சையா?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பாதிதான் தெரியும், மீதியை அடித்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும். “சரி, அடுத்தது?” என்றார்.

ஆகவே பலகைக்குப் பொறுப்பானவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கரையிலிருந்து மண்ணை அள்ளியது என் லாரி, தூணைப் பிடுங்கியது என் எந்திரம். அது பலகையில் வர வேண்டும். விடமாட்டேன், எழுதிக்கொண்டே இருப்பேன். என் பேரை எந்த மூலையில் எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் மேலே, கொக்கு டிரைவர் என்று ஒரு முழ எழுத்தில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள். இடது கண்ணில் அவருக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது.