நான் எழுந்தால் நின்றுவிடும் சர்வீஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் நலம், என் இருமலும் நலம். அங்கே நீ, மாமா, அம்மா, அப்பா, குட்டி எல்லோரும் நலம் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், கேட்காவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அப்பா சைக்கிள் கடைக்கு வந்தவர்களையெல்லாம் "பேசுங்க, பேசுங்க, நம்ம பொண்ணுதான்" என்கிறார், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

விஷயம் இதுதான்: இந்த மாதமும் என்னால் வர முடியாது. திட்டாதே. குட்டி தவழ்வதற்குள் வருகிறேன் என்றேன், தவழ்ந்துவிட்டான். நடப்பதற்குள் என்றேன், நடந்துவிட்டான். இப்போது எந்தப் போனைப் பார்த்தாலும் "சித்தி" என்கிறானாமே. சித்தி என்றால் கறுப்பாக, தட்டையாக, மூலையில் விரிசல் விட்டிருப்பவள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்தவாவது வர வேண்டும். ஆனால் தூதன் விடமாட்டேன் என்கிறது.

தூதன் யாரென்று நீ பயப்படும் முன் சொல்லிவிடுகிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கொடுத்திருக்கிறது. முடிவு வந்ததும் அவரவர் போனுக்குச் செய்தி போக வேண்டும். அதை அனுப்புவதற்காக யார் கண்ணிலும் படாமல் சர்வர் என்கிற பொதுக் கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சர்வீஸ்தான் தூதன். அதைத் தொடங்க ஒரு ஸ்கிரிப்ட், நிறுத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவது என் வேலை. ஸ்கிரிப்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியூர் போகும்போது "முதலில் பாலைக் காய்ச்சவும், பிறகு அடுப்பை அணைக்கவும்" என்று மாமாவுக்கு எழுதி ஒட்டிவிட்டுப் போவாயே, அதுபோல இயந்திரத்துக்கு. மாமாவைப் போலவே அதுவும் எழுதியதை மட்டும்தான் செய்யும்.

முதலில் நிறுத்தும் ஸ்கிரிப்ட். பெயரில் "தூதன்" என்று வருவதையெல்லாம் பிடித்து நிறுத்து என்று எழுதினேன். எழுதிய ஸ்கிரிப்டுக்கே "தூதனை நிறுத்து" என்று பெயரும் வைத்தேன். அது தூதனை நிறுத்தியது, பிறகு தன் பெயரிலும் தூதன் இருப்பதைக் கண்டு தன்னையும் பிடித்து நிறுத்திக்கொண்டது. "நிறுத்தியாச்சு" என்று வந்து சொல்ல ஆளே இல்லை. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, "ரொம்ப நேர்மைடி உன் ஸ்கிரிப்ட். தன்னையே விட்டுவைக்கல" என்றாள். பெயரை மாற்றினேன், சரியாயிற்று.

தொடங்கும் ஸ்கிரிப்ட்தான் வினையே. காலையில் தொடங்கினேன், ஜோராக ஓடியது. மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டுத் தங்கும் அறைக்குப் போவதற்குள் நின்றுவிட்டது. மறுநாள் தொடங்கினேன், ஓடியது, கிளம்பினேன், நின்றது. எங்கள் தலைவர், "என்ன அப்டேட்?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காததால் எல்லோருக்கும் அவர் அப்டேட் சார். அவரே என் இருக்கைக்கு வந்துவிட்டார்.

"நீ இருந்தா ஓடுது, போனா நிக்குது. என்னம்மா மாயம் பண்ணி வெச்சிருக்க?"

"கைராசி சார்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

நான் லீவு கேட்டேன். கூட்டங்களில் பெயரைச் சொல்லக்கூட வாய் திறக்காதவள், கேட்டே விட்டேன். "லீவா? அப்ப அதை யாரு பாத்துப்பா? அது உன்கிட்டதான் ஒட்டிக்கிச்சு" என்றார். எல்லோரும் இன்ஜினியர்கள், அக்கா.

அன்றிலிருந்து நான் மடிக்கணினியை மூடுவதே இல்லை. அலுவலக மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு, "தயவுசெய்து மூடாதீர்கள், உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அலுவலகம் பெருக்க வரும் அக்கா அதைப் படித்துவிட்டு, "உள்ள என்னம்மா, கோழிக்குஞ்சா?" என்றார். வேலை ஓடுகிறது என்றேன். "மூடினா வேலைக்கு மூச்சா முட்டும்?" என்று கேட்டார். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடுமுறை நாளிலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், துணைக்கு.

ஆனால், அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: எனக்கு இது பிடித்திருக்கிறது. அம்மா தினமும் "நீ இல்லாம இங்க ஒண்ணும் ஓடலடி கண்ணு" என்கிறாள்; சொல்லும்போதே பின்னால் மிக்ஸி ஓடுகிறது, டிவி ஓடுகிறது, என் கட்டில் கிடந்த மூலையில் மாமாவின் தையல் மெஷின் ஓடுகிறது. பிறகு "இருடி, சீரியல் வந்துடுச்சு" என்று வைத்துவிடுகிறாள். குறை சொல்லவில்லை. நான் எழுந்து போனால் நின்றுபோகிற பொருள் உலகத்தில் இது ஒன்றுதான், அதை எப்படி விட்டுவிட்டு வருவது? வேலை அதிகம் என்று போனில் சொன்னதற்கே அப்பா வேறு "அவ எழுந்தா கம்பெனியே நின்னுடும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராமே.

ஆகவே என்னை எதிர்பார்க்க வேண்டாம். அம்மா அப்பாவுக்கு என் வணக்கம், மாமாவுக்கு மரியாதை, குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், போனுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மனசு கேட்காமல் கையேட்டைப் புரட்டினேன். கைராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் திரையிலிருந்து தொடங்கியதால் தூதன் என் திரைக்குப் பிள்ளையாம்; திரையை மூடினால் பிள்ளையும் போய்விடுமாம். "நான் போனாலும் நீ நிற்காதே" என்று பொருள்படும் ஒரு சொல்லை வரிக்கு முன்னால் சேர்த்தால் போதும். சேர்க்கத்தான் கை வரவில்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து சேர்த்தேன். மூடினேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது, நன்றி கெட்டது.

அப்டேட் சாரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். "ஒரு வாரமே எடுத்துக்கோம்மா. இனி உன்னால எதுவும் நிக்காது" என்றார். நல்ல மனுஷர், நல்லபடியாகத்தான் சொன்னார். முகம் கழுவிக்கொண்டு வந்து டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை காலை வாசலில் இருப்பேன். ஒன்றே ஒன்று, அக்கா: நான் மறுபடி கிளம்பும்போது, நீங்கள் யாராவது ஒருவர், பொய்யாகவாவது, கொஞ்சம் அழுதுவையுங்கள்.